எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதற்குப் பத்து நிமிஷம் கொடுங்கள்.

ஊழியத்துக்கென்று வெளி மாநிலமும் வெளி நாடும் போகிற இளம் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன். என் மாணவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் உண்டு. எந்த மதம் பெரிது என்று பேச வரவில்லை. வீட்டை விட்டு, பாஷை தெரியாத ஊருக்குப் போகிற ஒரு பிள்ளையின் அன்றாட நாள் எப்படி இருக்கும், நாம் அவனிடம் எதைக் கேட்கிறோம், எதைக் கேட்க மறக்கிறோம் என்பதுதான் விஷயம்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம். மிஷனரியாகப் போனவர் லீவில் வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவரை நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்வோம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் முதல் கேள்வி, "எத்தனை பேர் வந்திருக்காங்க தம்பி?" அதாவது எத்தனை பேர் மாறினார்கள் என்று. இந்தக் கேள்வியை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நமக்கு இது சொந்த ஊர். ஆனால் இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தாமிரபரணிக் கரைதான் வேறு யாருக்கோ தூர தேசம். படங்களில் நாம் பார்ப்பதெல்லாம் தாடி வைத்த தாத்தாக்களை. அதனால் அவர்கள் பிறந்ததே அப்படித்தான் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. வயதைக் கணக்குப் போடுங்கள். ஜி.யு. போப் 1820ல் பிறந்தார், 1839ல் சென்னைக்கு வந்தார். 19 வயது. நம் வீட்டில் அந்த வயதுப் பையன் கல்லூரி இரண்டாம் வருஷம், அரியர் வைத்துக்கொண்டிருப்பான். ரேனியஸ் 1814ல் சென்னையில் இறங்கியபோது 23. கால்டுவெல் 1838 ஜனவரியில் வந்தபோது அவருக்கும் 23தான். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1896ல் திருநெல்வேலி வந்தபோது 30 ஆகவில்லை.

இந்தச் சின்னப் பிள்ளைகள் வந்து முதலில் என்ன செய்தார்கள்? பிரசங்கமா? கோயில் கட்டினார்களா? இல்லை. உட்கார்ந்து அ, ஆ படித்தார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளை ல, ள, ழ மூன்றையும் குழப்பினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். படித்துப் பட்டம் வாங்கிய 23 வயது ஆள் குழப்பினால் தெருவே சிரிக்கும். சிரித்தாலும் மறுநாள் காலையில் மறுபடியும் வந்து பாயில் உட்கார வேண்டும். அதற்குத் தனித் தைரியம் வேண்டும். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலத்தில், ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் நம் ஊர் முன்ஷியின் முன்னால் மாணவனாக உட்கார்ந்து, "தப்பு, மறுபடியும் சொல்லும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது சாதாரண விஷயம் இல்லை.

கால்டுவெல் இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல் பயணம் நான்கு மாதத்துக்கும் மேல். அதே கப்பலில் தெலுங்கு அறிஞர் சி.பி. பிரவுனும் வந்தார். மொழியைப் பற்றிய பேச்சு கடலிலேயே தொடங்கிவிட்டது. சென்னையில் மூன்று வருஷம் தமிழ் படித்தார். 1841ல் இடையன்குடிக்குப் புறப்பட்டபோது, தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றி நடந்தே வந்தார். பல்லக்கில் வந்தால் ஜனங்களைத் தெரியாது என்பது அவர் எண்ணம். இடையன்குடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுற்றிலும் செம்மண் தேரியும் பனையும்தான். இன்றைக்கே வெயிலில் அந்த மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது.

1856ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத்தான் நாம் கொண்டாடுகிறோம். அதன் பின்னால் இருக்கிற நாட்களை யோசியுங்கள். காலையில் பாடம், பகலில் பள்ளிக்கூடக் கணக்கு, சாயங்காலம் ஊர் ஊராக நடை, இரவில் எண்ணெய் விளக்கு. இடையில் காய்ச்சல். காலரா வந்த வருஷங்களில் சாவு வீடுகள். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869ல்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876ல். அதற்கு முன்னால் ஒருவர் அம்மாவுக்குக் கடிதம் போட்டுப் பதில் வாங்குவதென்றால் மாதக்கணக்கு. அம்மா செத்துப் போனது, அடக்கம் முடிந்து பல வாரம் கழித்துத்தான் மகனுக்குத் தெரியும். நாம் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு வரவில்லை என்றால் பதறுகிறோம்.

ரேனியஸ் 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838ல் இறந்தார். 47 வயதுதான். அடைக்கலபுரத்தில் அவர் கல்லறை இருக்கிறது. பாளையங்கோட்டைக்காரர்கள் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? சரி, அது போகட்டும்.

இந்தக் கதையில் நாம் வழக்கமாக விட்டுவிடுகிற இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, சொல்லிக்கொடுத்தவர். ரேனியசுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, வேத மொழிபெயர்ப்பில் உடனிருந்தவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர். ரேனியஸ் பெயர் தெரிந்த பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. எத்தனையோ முன்ஷிகள், சமையற்காரர்கள், வண்டிக்காரர்கள், வேதாகம ஸ்திரீகள், உபதேசியார்கள். "இந்த வார்த்தையைப் பெரியவங்க முன்னால சொல்லாதீங்க ஐயா", "இந்தத் தெருவுக்குள்ள செருப்புப் போட்டுப் போகாதீங்க" என்று சொல்லி அந்தப் பிள்ளைகளை மனுஷராக்கியவர்கள் நம் ஆட்கள். ஒரு வாத்தியார் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. மாணவனுக்குச் சிலை இருக்கிறது, வாத்தியாருக்கு இல்லை.

இரண்டு, மனைவிமார். கால்டுவெல் 1844ல் எலிசாவை மணந்தார். நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட்டின் மகள். இங்கேயே வளர்ந்த பெண், தமிழ் அவருக்கு வாயில் ஊறியது. இடையன்குடியில் பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், கைவேலை கற்றுக்கொடுத்ததும் அந்த அம்மாள்தான். கால்டுவெல் புஸ்தகம் எழுத நேரம் கிடைத்ததென்றால், வேறு யாரோ வீட்டையும் பள்ளியையும் பார்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். வீட்டில் இருக்கிற பெண்களுக்கு இது விளங்கும்.

இனி இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் பாதிப் பாடம் நடத்தினதாக ஆகும். மொழி படித்தால் மட்டும் மக்களைப் படித்ததாகாது. அதே கால்டுவெல் 1849ல் நம் பனைத்தொழில் செய்த ஜனங்களைப் பற்றி ஒரு சிறு புஸ்தகம் வெளியிட்டார். அதில் அவர்களைத் தாழ்த்தி எழுதியது ஆறாத புண்ணாகிவிட்டது. பல வருஷம் எதிர்ப்பு நடந்தது. நாசரேத் பக்கத்தில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு முரண்பட்டு, 1857ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் தயவில்லாத தனிச் சபையையே தொடங்கினார். எட்டு வருஷம் கூடவே இருந்து, வீடு வீடாக ஏறி இறங்கிய மனுஷன்தான் அப்படி எழுதினார். ஏன்? அந்த ஜனங்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்கவில்லை. உதவி செய்ய வந்தவர் மேலே நிற்கிறார், வாங்குகிறவர் கீழே நிற்கிறார் என்ற எண்ணம் உள்ளே இருந்தது. இது வெள்ளைக்காரருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இன்றைக்கு வடக்கே போய் ஆதிவாசி ஜனங்களைப் பார்த்து, "பாவம், ஒண்ணும் தெரியாதவங்க" என்று பேசுகிற நம் ஆட்களுக்கும் அது உண்டு.

இதை வெகு காலத்துக்கு முன்னாலேயே புரிந்துகொண்டவர் நம் வெள்ளாளன்விளைக்காரர். 1874ல் அந்த ஊர்க் குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தங்கள் ஆட்களை வெளியே அனுப்புவதைப் பார்த்தார். நாம் எத்தனை காலத்துக்கு வாங்கிக்கொண்டே இருப்பது என்று அவருக்கு உறைத்தது. 1903 பிப்ரவரி 12ம் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது கொள்கை. அடுத்த வருஷமே சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனரியாக, நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். அன்றைக்கு அது வேறு ராஜ்யம், வேறு பாஷை. நம் ஜனங்களுக்கு அது வெளிநாடு மாதிரிதான்.

1909ல் அசரியாவே குருவாகி தோர்ணக்கல் போனார். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ.யில் பெரிய பொறுப்பில் இருந்தவர், 35 வயதில் மறுபடியும் தெலுங்கு அரிச்சுவடியைக் கையில் எடுத்தார். தொடக்கத்தில் கூடாரத்தில் வாசம். மனைவி அன்பு மரியம்மாளும் கூட இருந்து உழைத்தார். மறு வருஷம், 1910ல், எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. அங்கே நின்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே இவர் சொன்னது இதுதான்: நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், ஆனால் சமமாக எங்களோடு உட்காரவில்லை, எங்களுக்குச் சிநேகிதர்கள் வேண்டும். சபையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1945 ஜனவரி 1ம் தேதி இறக்கும்வரை தோர்ணக்கல்தான் அவருக்கு ஊர்.

சிநேகிதர் வேண்டும் என்று அவர் கேட்டதை ஞாபகத்தில் வையுங்கள். என் கருத்துக்கு அதுதான் அடிப்படை.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையன் ஜார்க்கண்டில் சந்தால் ஜனங்கள் மத்தியில் மனைவியோடு ஒன்பது வருஷமாக இருக்கிறான். பெயர் வேண்டாம். மாதம் ஒருமுறையாவது போன் பண்ணுவான். அவனிடம் நான் வேலையைப் பற்றிக் கேட்பதை விட, "இன்னைக்கு என்னல சாப்பிட்ட?" என்றுதான் கேட்பேன். அதனால் எனக்கு நிறையத் தெரியும்.

முதல் ஆறு மாதம் கடுகெண்ணெய் வாசனை தாங்காமல் அவன் மனைவி வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாளாம். இட்லி மாவு குளிரில் பொங்காது. காலையில் பொரியும் பச்சை மிளகாயும். தண்ணீர் அடிகுழாயில்; மின்சாரம் வந்தால் வரும். சந்தை வாரம் ஒரு நாள். கொசுவலைக்குள் படுத்தும் மலேரியா இரண்டு தடவை வந்துவிட்டது. சந்தாலி பாஷைக்குத் தனி எழுத்து உண்டு, ஒல் சிக்கி என்று பெயர். ரகுநாத் முர்மு என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1925ல் உருவாக்கியது. அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இந்தப் பையன் அதை எழுதிப் பழகி எனக்குப் போட்டோ அனுப்பினான். மூன்றாம் வகுப்பில் கோழி கிளறின மாதிரி எழுதுகிறவன், இதை மணி மணியாக எழுதியிருந்தான்.

முதல் வருஷம் பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி, இவன் வாயைத் திறந்தாலே சிரிப்பாளாம். "நான் அவளுக்குத் தினம் ஒரு சினிமா டீச்சர்" என்பான். அந்தக் கிழவிதான் கடைசியில் அவனுக்கு வாத்தியார். விறகு வெட்டப் போகும்போது கூட்டிக்கொண்டு போய் மரங்களின் பெயர் சொல்லிக்கொடுத்தாள். நம்மூர் இலுப்பைக்கு உறவான மரம் அங்கே மஹுவா. பூவைப் பொறுக்கிக் காயவைப்பதற்கு இவனும் போவான். அவன் மகளுக்குக் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்ட ராத்திரி, அந்தக் கிழவியின் மகன்தான் பைக்கில் இருபது கிலோமீட்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அவர்கள் இன்றைக்கும் தங்கள் வழக்கப்படி சாமி கும்பிடுகிறவர்கள்தான். மாறவில்லை.

இந்தப் பையன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் ஊருக்கு வந்தான். எல்லாரும் கேட்டது அதே கேள்வி, "எத்தனை பேர்?" அவன் பதில் சொல்லாமல் சிரித்தான். "ஏழு வருஷமா அங்க என்னதான் பண்ணுத?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்றைக்கு ராத்திரி என் வீட்டில் சாப்பிட வந்தவன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். "டீச்சர், அங்க நான் அந்நியன்னு தெரியும், தாங்கிக்கிடுவேன். இங்கயும் அப்படித்தான் இருக்கு" என்றான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணிக்கையைக் கேட்பதில் மூன்று கேடு இருக்கிறது.

முதலாவது, அது பிள்ளைகளைப் பொய் சொல்லத் தூண்டும். எண்ணிக்கை சொன்னால்தான் காணிக்கை வரும் என்றால் எண்ணிக்கை தானாக வளரும். பரீட்சை மார்க்கை மட்டும் கேட்கிற வீட்டுப் பிள்ளை பிட் அடிக்கிற மாதிரிதான்.

இரண்டாவது, அங்கே இருக்கிற ஜனங்களை அது வெறும் கணக்காக்கிவிடும். பக்கத்து வீட்டுக் கிழவியைப் பாட்டியாகப் பார்க்காமல், பதிவேட்டில் எழுத வேண்டிய ஒரு பெயராகப் பார்த்தால், அங்கே சிநேகிதம் எங்கே இருக்கும்? அசரியா கேட்டது இதையல்ல. இன்னொன்றும் உண்டு. ஒடிசாவில் 1967லிருந்தும், ஜார்க்கண்டில் 2017லிருந்தும், வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவதைத் தடுக்கிற சட்டம் இருக்கிறது. சட்டம் சரியா தப்பா என்று நீங்கள் வாதாடலாம். வற்புறுத்தக் கூடாது, ஆசை காட்டக் கூடாது என்பதற்குச் சட்டம் எதற்கு? அது நமக்கே தெரிய வேண்டாமா?

மூன்றாவது, அது வேலையின் அளவையே கெடுத்துவிடும். ஒரு பாஷையைக் கற்க ஐந்து வருஷம், ஒரு தெருவின் நம்பிக்கையைப் பெற பத்து வருஷம். விதை போட்டவனிடம் மறுநாள் போய், எத்தனை மூடை என்று கேட்பவன் விவசாயம் தெரியாதவன். ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வேறு என்னதான் கேட்பது? என்ன சாப்பிடுகிறாய், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அந்தப் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு, அங்கே உன் சிநேகிதர் யார், அவர்களிடம் நீ கற்றது என்ன. இதைக் கேட்டுப் பாருங்கள். முகம் மலரும்.

நம் குடும்பத்தில் இப்போது ஒரு பையன் போகிறேன் என்று நிற்கிறான். 22 வயது. அவன் அம்மா அழுகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெற்று வளர்த்து, பேங்க் பரீட்சைக்குப் புஸ்தகமும் வாங்கி வைத்தவளுக்கு வயிறு எரியத்தான் செய்யும். "தேவ அழைப்பைத் தடுக்காதே" என்று அவளை அதட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், உங்கள் பிள்ளையை அனுப்பிவிட்டு வந்து பேசுங்கள். "கிறுக்குப் பயல்" என்று அவனைத் திட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பும்போது தூரத்தை நீங்கள் கணக்குப் பார்க்கவில்லை.

என் அபிப்பிராயம் இது. போகட்டும். ஆனால் முதல் இரண்டு வருஷம் மாணவனாகப் போகட்டும். பாஷை படிக்கட்டும், யாருக்கும் எதையும் போதிக்க வேண்டாம். அங்குள்ள பெரியவர்களைத் தாத்தா, பாட்டி என்று அவர்கள் பாஷையில் கூப்பிடப் பழகட்டும். ஏழை வீட்டுப் பிள்ளையை மூக்கொழுகப் போட்டோ எடுத்துப் போட வேண்டாம். நம் பிள்ளையை யாராவது அப்படி எடுத்தால் விடுவோமா? முடியவில்லை என்றால் திரும்பி வரட்டும். திரும்பி வந்தால் "தோத்துப் போயிட்டான்" என்று ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. அந்த வாசல் திறந்திருந்தால்தான் அவன் அம்மா தூங்குவாள்.

போகாதவர்களுக்கும் வேலை உண்டு. நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துத்தான் இத்தனை பேரை அனுப்பினார்கள். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரைச் சொல்லாத வீடு கிடையாது. 1895லிருந்து அந்தப் பெயரில் கல்லூரி இருக்கிறது. அந்த அம்மாள் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உடல் ஊனமுற்றவர். இங்கிலாந்தில் இருந்தபடியே நம் பெண் பிள்ளைகளின் படிப்புக்காக நினைத்தார், எழுதினார், பிறரையும் கொடுக்க வைத்தார். போனவர்களைப் போலவே அவர் பெயரும் நிலைத்திருக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, அசனப் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் போகிற இடத்தில் இருக்கிற ஒரு பிள்ளையின் போன் நம்பரையும் கேட்டு வாங்குங்கள். பிறந்தநாளுக்குப் பேசுங்கள். அவர்கள் பிள்ளைகள் இங்கே விடுதியில் படித்தால், சனி ஞாயிறு வீட்டுக்குக் கூட்டி வந்து மீன் குழம்பு வைத்துப் போடுங்கள். வயதான அப்பா அம்மாவை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆளில்லாமல் இருந்தால் நீங்கள் போங்கள்.

தூரத்தில் இருக்கிற என் மாணவர்களே, எந்த வேலைக்காகப் போயிருந்தாலும் சரி, நீங்கள் இருக்கிற ஊரின் பாஷையில் ஒரு வார்த்தையும் அதற்குத் தமிழில் அர்த்தமும் கீழே எழுதுங்கள். தப்பாக எழுதினால் இந்த முறை முட்டி போடச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்